புண்ணியம் கருதி மூட்டும் தீ

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் படகுத்துறைக்குச் செல்வோர் காண விரும்புவது, நீருக்குள் வேரூன்றி நிற்கும் சுரபுன்னைக் காட்டையே ஆகும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் ஓடைகளும் திட்டுகளுமாக விரிந்துள்ள அவ்வலையாத்திக் காடு, 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தில்லை என்னும் பெயரைச் சிதம்பரத்துக்கு அளித்த தில்லை மரமும் இங்கு வளர்வதே. எனினும், அக்காட்டுக்குச் சற்று மேட்டில், உவர் ஏறிய தரிசிலும் வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் மண்டிக் கிடக்கும் மற்றொரு மரத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. அது சீமைக்கருவேலம். அதனை என் செய்வது என்ற வினாவுக்குள் நம் போன்றோர் எண்ணிப் பார்க்கவேண்டிய அறச்சிக்கல் ஒன்று அடங்கியுள்ளது.

இக்கடலோரம் நமக்கு அயலானதன்று. கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் உலகின் பகுதிகளை விளக்கும் லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிகை, கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சீமைக்கருவேலமும் நமக்கு அயலானதன்று. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் நிலமுள்ள நம் குடும்பத்தார் இதனை வேலிகாத்தான் என்ற பெயரால் நன்கறிவர். வேலிக்கென வைத்தது வயலுக்குள் வந்துவிட்டது என்று உழவர் சலித்துக்கொள்வதைக் கேட்டிராதவர் நம்மில் இலர். "கோடையில் ஒரு தீக்குச்சி போதும்" என்பது அச்சலிப்பின் முடிவு. அவ்வாறு சொல்பவர் கொடியவர் அல்லர். நிலம் மீண்டும் விளையவேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும், ஏரியில் நீர் நிற்கவேண்டும் என்று நினைப்பவரே.

மேலைநாடுகளில் இவ்வெண்ணம் ஓர் அறிவியல் முறையாகவே வளர்ந்துள்ளது. மேய்ச்சல் நிலத்தில் புதர்களும் சிறுமரங்களும் பெருகிப் புல்லை மறைக்கும்போது, காற்றின் வேகம், ஈரப்பதம், புல்லின் உலர்ச்சி ஆகியவற்றைக் கணித்து, சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, காவலுக்கு ஆட்களை நிறுத்தி, குறித்த நாளில் தீயிடுகிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் புல்வெளிகளில் இளவேனிற்காலந்தோறும் இது நடைபெறுகிறது. இதனைத் திட்டமிட்ட தீயிடல் எனலாம். ஆகவே நம் வினா இதுவாகும்: நன்மை கருதி, கணக்கோடும் காவலோடும் மூட்டப்படும் தீயை நம் அறநெறி எவ்வாறு நோக்கும்?

இதில் வினாவுக்கே இடமில்லை என்பார் உளர். தீயும் ஓருடம்பு பூண்ட உயிர்த்தொகுதியே. மண், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐவகை ஓரறிவுயிர்களுள் தீ மற்றெல்லாவற்றையும் ஒருங்கே வருத்தவல்லது. ஆதலின் தீயைத் தொடாதிருப்பதே அறம் என்பது அவர்தம் வாதம். துறவியர்க்கு அது முற்றும் பொருந்தும். அடுப்பு மூட்டாமல் ஒரு நாளும் கழிக்க இயலாத இல்லறத்தார்க்கோ அவ்விடை போதாது. நம் ஆசாரியர்களும் இல்லறத்தாருக்கு அவ்வளவில் சொல்லி நிறுத்தவில்லை. எந்தத் தீ, எதற்காக, எவர் கையால் என்று வகுத்தே பேசியுள்ளனர்.

சிராவகர் நீக்கவேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து என்று ஒரு பட்டியல் உண்டு. கரி சுடுதல் அதன் தொடக்கத்திலேயே நிற்கிறது. காட்டில் தீ வைத்தல் இறுதிப் பகுதியில் வருகிறது. அதனை அடுத்து, ஏரி குளங்களை வற்றச் செய்தல். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர், தம் யோகசாஸ்திரத்தில் காட்டுத்தீ வைத்தலை இரண்டாகப் பிரிக்கிறார். பழக்கத்தால் வைப்பது ஒன்று. புண்ணியம் என்று கருதி வைப்பது மற்றொன்று. பழம்புல் எரிந்தால் இளம்புல் தழைக்கும், பசுக்கள் மேயும் என்ற நல்லெண்ணம் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேய்ச்சல் நிலத்துத் தீயிடல் என்று இன்று பேசப்படும் அதே செயல் 800 ஆண்டுகளுக்கு முன்னரே நம் நூலோர் கண்ணில் பட்டிருக்கிறது என்பது வியப்பன்றோ? அதனினும் வியப்பு, இரண்டையும் அவர் ஒரே தலைப்பின்கீழ் வைத்தது. புண்ணியம் கருதியதால் அத்தீ பட்டியலிலிருந்து விலக்குப் பெறவில்லை.

நம் திகம்பர மரபில் 13ஆம் நூற்றாண்டு ஆசாதரர் இப்பட்டியலையே ஏற்கத் தயங்குகிறார். உலகில் தீத்தொழில்கள் எண்ணிலடங்கா. பதினைந்தென்று எல்லை கட்டுவது அழகன்று. மிக மந்தமான அறிவினர்க்கு வேண்டுமாயின் அவ்வாறு சொல்லிவைக்கலாம் என்பது சாகார தர்மாமிருதத்தில் அவர் கூறும் கருத்து. எண்ணிக்கை சொல்லப்படாவிட்டால் எதையும் நீக்கத் துணியாத நமக்கு, அந்த மந்தமதியர் பட்டியலே பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

நல்லெண்ணம் ஏன் விலக்காகவில்லை? எண்ணம் மூட்டுபவரின் உள்ளத்தில் இருக்கிறது. தீயோ நிலத்தில் ஓடுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி ஏவிய தீக்கு, இன்னாரை விடு, தீத்திறத்தார் பக்கமே சேர் என்று கட்டளை உண்டு. அது காப்பியத் தீ. ஆளறிந்து எரித்தது. கரும்பு வெட்டியபின் சோகைக்கு வைக்கும் தீக்கு அத்தகைய கட்டளை எதுவும் இல்லை. ஓணானும் மண்புழுவும் காடையின் முட்டையும் அதற்கு ஒன்றே. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையின் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. புல்லில் ஓடும் தீ மனிதனின் காலைவிட விரைவானது என்பதை அந்நாள் தமிழகம் கண்டது.

ஆயினும் எண்ணத்துக்கு இடமே இல்லை என்று முடித்துவிடவும் இயலாது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் பிரிதலை மட்டும் சொல்லாமல், அதற்கு முன்னதாகக் கவனமின்மையோடு கூடிய செயலைச் சொல்கிறது. கவனத்தோடு செய்பவர்க்கும் கவனமின்றிச் செய்பவர்க்கும் வினை ஒன்றாகாது. இவ்விடத்தில் சுவேதாம்பர ஆகமமான பகவதி சூத்திரத்தில் வரும் ஓர் உரையாடல் நமக்கு உதவும். காலோதாயி என்பவர் வர்த்தமான மகாவீரரை அணுகி வினவுகிறார்: ஒருவன் தீயை மூட்டுகிறான், மற்றொருவன் அதனை அணைக்கிறான், இருவருள் எவனுக்கு வினை மிகுதி? மூட்டியவனுக்கே மிகுதி என்பது விடை. அணைப்பவன் தீயுயிர்களை மிகுதியாக வருத்துகிறான்; மூட்டுபவனோ நிலம், நீர், காற்று, தாவரம், இயங்குயிர் ஆகிய மற்றெல்லாவற்றையும் மிகுதியாக வருத்துகிறான். அணைப்பவனுக்கும் வினை உண்டு என்பதை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை நம்மை ஈர்க்கிறது.

ஆனால் காலோதாயியின் வினாவில் மூன்றாம் மனிதன் ஒருவன் இல்லை. பெருந்தீ வராதிருக்கச் சிறுதீ மூட்டுபவனே அவன். அவனை நாம் பிலிகிரிரங்கன் மலையில் காணலாம். சத்தியமங்கலத்துக்கு அப்பால், கருநாடக எல்லைக்குள் அமைந்த அம்மலையில் வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்திலேயே, சருகு முற்றக் காயுமுன், தாழ்வாக ஓடும் தீயை வைத்துவந்தனர். தரகு பெங்கி, அதாவது சருகுத்தீ, என்பது அவர்கள் இட்ட பெயர். வழி திறக்கும், புல் தளிர்க்கும், நெல்லி மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி குறையும் என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். 1974இல் அப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் தீயிடல் தடுக்கப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி காடு முழுவதும் பரவிற்று என்றும், அதனால் இப்போது எழும் தீ தாழ்ந்து ஓடாமல் மரமுடிவரை ஏறுகிறது என்றும் சோலிகர் கூறுகின்றனர். ஆய்வாளர் சிலரும் இதற்கு உடன்படுகின்றனர். வேறு சிலரோ, அடிக்கடி எழும் தீயே உண்ணிச்செடிக்கு இடம் திறந்துவிடுகிறது, எரிந்த தூர் மீண்டும் தழைத்து அடுத்த தீக்கு விறகாகிறது என்பர். அறிஞரிடையே முடிவுபெறாத இவ்வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. இடமும் மாதமும் சுடரின் உயரமும் அறிந்து, தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் நடந்து பழகியவரைப் பார்த்து, தொலைவில் அமர்ந்துகொண்டு கொடுந்தொழிலார் என்று சுட்ட நமக்கு மனம் வரவில்லை. அவர் மூட்டிய தீக்கு அவர் கணக்கு உண்டு. அணைத்து அணைத்துச் சருகைக் குவியவிட்டவர்க்கும் கணக்கு உண்டு.

ஆனால் அவருடைய தீயை நாம் இரவல் வாங்கலாகாது. பிச்சாவரத்துத் தரிசில் நிற்பது நெல்லியும் சருகும் அல்ல, சீமைக்கருவேலம். தீ அதனை என் செய்யும் என்று அறிந்தாலே நம் வழக்கில் பாதி முடிந்துவிடும்.

தென்னமெரிக்கா, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள் ஆகிய பகுதிகளுக்கு உரிய இம்மரத்தின் விதைகள் ஜமைக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டு, 1877ஐ ஒட்டிக் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. அக்காலச் சென்னை மாகாண வனத்துறையார் வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டி இதனைச் செய்தனர். விறகு கிடைத்தது என்பதை மறுக்கலாகாது. ஏழைகளின் அடுப்பு எரிந்தது, இன்றும் பல ஊர்களில் எரிகிறது. இனிப்புள்ள அதன் நெற்றை ஆடுமாடுகள் விரும்பி உண்ணும். விதை அவற்றின் வயிற்றில் சிதையாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து முளைக்கும். எருவோடு சேர்த்து நாமே விதைக்கிறோம் என்றாலும் தவறில்லை. உவரையும் வறட்சியையும் தாங்கி, ஆழ வேர்விட்டு, தன் நிழலில் பிற செடிகளை நன்கு வளரவிடாமல் அது பரவுகிறது.

நாற்றாக இருக்கையில் தீ அதனைக் கொல்லும். வளர்ந்தபின் கொல்லாது. மேலே தெரியும் கிளையும் தண்டும் கரியும். தரையை ஒட்டிய தூரில் உறங்கும் மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து தண்டுகள் எழும். கான்சாஸில் தீயிடல் பயன் தருவதற்குக் காரணம், அங்கே புல்வெளியில் நுழையும் ரெட் சீடர் மரத்துக்குத் தூரிலிருந்து தழைக்கும் ஆற்றல் இல்லாமையே. நம் கருவேலத்தின் உறவுமரமான மெஸ்கிட் மலிந்த டெக்சாஸ் மாநிலத்திலோ, தீயிட்டவர்கள் மேற்பகுதியைத்தான் அடக்கலாம், மரம் திரும்பவும் தழைக்கும் என்பதை ஒப்புக்கொண்டே தீயிடுகிறார்கள். அங்கே தீயைச் சுமந்து ஓடப் புல்லாவது உண்டு. நம் கருவேலத்தின் அடியில் புல்லும் அரிது. வெட்டிய முள்ளைத் தூரில் குவித்து எரித்தாலன்றித் தீ நிற்காது. அம்முட்குவியலோ கீரியும் பாம்பும் ஓணானும் புகுந்து ஒடுங்கும் இடம். ஆக, பயன் கருதி மூட்டிய தீயால் பயன் விளைவதில்லை. உயிரிழப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மிஞ்சுகிறது. சமந்தபத்திராசாரியர் இரத்தின கரண்டகத்தில், காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடியை வெட்டுதல் ஆகியவற்றைப் பயனில் தீவினையுள் அடக்குவார். அருங்கலச்செப்பு வழியாக நம்மவர் பலர் இளமையிலேயே கற்றதே இது. பயன் இல்லாத தீ, நல்லெண்ணத்தோடு மூட்டினாலும் பயன் இல்லாத தீயே என்பது எம் கருத்து.

தீயை விட்டுக் கோடரியை எடுத்தால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டா. அதற்குப் பிச்சாவரத்துக் காடே சான்று. 1970களுக்கு முன் பல்லாண்டுகள் அக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து, ஒவ்வொரு பகுதியையும் முற்றாக வெட்டி விறகுக்கு விற்றார்கள். திருட்டு வெட்டன்று, வரைபடமும் கணக்கும் காலக்கெடுவும் கொண்ட திட்டம். வெட்டிய இடம் தானே மீண்டும் தழைக்கும் என்பது நம்பிக்கை. நடந்தது வேறு. நிழல் போன மண் வெயிலில் காய்ந்து, சுருங்கி, நடுவே தாழ்ந்து ஓர் ஆழமற்ற தட்டுப்போல ஆயிற்று. பெருக்கின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றின்போது வெளியேற வழியின்றித் தேங்கிற்று. வெயிலில் ஆவியாகி உப்பு ஏறிற்று. வெண்கண்டலும் சுரபுன்னையும் நிற்கமாட்டாத அவ்விடங்களில் உமரிச்செடியே மிஞ்சியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து இக்காரணத்தைக் கண்டறிந்தபின், பரிகாரம் எளிதாயிற்று. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓடையோடு இணைத்தனர். நீர் நாள்தோறும் வந்து போகத் தொடங்கிற்று, உப்புத் தணிந்தது, நட்ட வெண்கண்டல் பிழைத்தது. இன்று படகில் செல்வோர் இயற்கைக் காடென்று எண்ணிக் கடப்பவற்றுள் அவ்வாறு மீட்கப்பட்ட பகுதிகளும் உண்டு. அங்கே ஓடைகளில் கையால் இறால் துழாவிப் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு, காடு இருப்பதும் இல்லாததும் அன்றைய சோற்றைப் பற்றிய செய்தி. மண்ணுக்குள் நீர் எப்படி நடக்கிறது என்பதை அறியாமல் ஓங்கிய கோடரியால், எவரும் கருதாத கேடு பல்லாண்டுகள் விளைந்தது.

ஆகவே கருவேலத்தை அவ்வாறே விட்டுவிடலாமா? விடுவதும் ஒரு செயலே. விட்டுவிட்ட தரிசில் புல் போகும், புல்லை நம்பிய உயிர்கள் போகும். இங்குதான் சிறுவர்க்கு நாம் சொல்லித்தரும் ஆறு இலேசியைக் கதையை மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. பசித்த அறுவர் பழமரத்தைக் கண்டனர். ஒருவன் வேரோடு வீழ்த்தலாம் என்றான். ஒருவன் அடிமரத்தை, ஒருவன் கிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை. கடையவன் கீழே உதிர்ந்தது போதும் என்றான். முதல்வன் கரிய இலேசியையன். வேரைத் தொடுவதே கரிய எண்ணம் என்று மேலோட்டமாகப் படித்தால், கருவேலத்தின் கிளையைக் கழிப்பவன் மென்மையானவன், தூரைப் பெயர்ப்பவன் கொடியவன் என்றாகிவிடும். ஆனால் கிளையைக் கழித்தால் ஆண்டுதோறும் கழிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கூடு கலையும், எறும்புப் புற்று மிதிபடும். ஒருமுறை, மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில், தூரோடு எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறு மரம் வைத்துக் காப்பாற்றினால், உயிர்வருத்தம் அம்முறையோடு பெரும்பாலும் நிற்கும். கதையில் கரியது வேரன்று. ஒரு கைப்பிடிப் பழத்துக்காக முழு மரத்தையும் கேட்ட அளவின்மையே என்று நாம் கொள்கிறோம். இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாதது என்று விடப்பட்ட ஆரம்ப இம்சையுள் இது அடங்கும். அடங்கினாலும், குறைத்துச் செய்யும் கடமை அதனால் நீங்குவதில்லை.

தூரோடு எடுப்பதிலும் விரைவு கூடாது. 2017இன் தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் இம்மரத்தை விரைந்து அகற்றுமாறு ஆணையிட்டது. ஊரெங்கும் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டு ஏப்ரலில், இதன் விளைவை ஆராய்ந்தபின் தொடரலாம் என்று சென்னையில் உயர்நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கான கொள்கை ஒன்றை மாநில அரசு வெளியிட்டது. இடையில் நின்ற அக்காலத்தைப் பலர் வீண் என்றனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நீர்ப்பறவைகள் ஏரிக்குள் இம்மரத்திலும் கூடு கட்டுவதுண்டு. விறகுக்கு வேறு வழியில்லாத குடும்பங்கள் உண்டு. எடுத்த குழியை வெறுமனே விட்டால் அடுத்த மழையில் சாணத்திலிருந்த விதை அங்கேயே முளைப்பதும் உண்டு. இவற்றை எண்ணாத வேகம் கோடரிக்கும் உண்டு, பொக்லைனுக்கும் உண்டு.

கரி சுடுதலைப் பற்றியும் சொல்லவேண்டும். இராமநாதபுரம் பக்கம் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது பல குடும்பங்களின் பிழைப்பு. அவர்களை நோக்கிப் பட்டியலை நீட்டும் தகுதி, வேறு பிழைப்பு உள்ள நமக்கு இல்லை. ஆனால் நம் கையில் இருக்கும் நிலம் வேறு. ஊர் ஏரியிலும் கோயில் நிலத்திலும் வளர்ந்த கருவேலம் ஏலத்துக்கு வரும்போது, எடுப்பவர் தரையோடு வெட்டிக்கொண்டு தூரை விட்டுப்போவதே வழக்கம்; முள்ளை அங்கேயே கொளுத்துவதும் வழக்கம்; தொகை மிகுதியாக வருவதும் அதனாலேயே. தூரோடு எடுக்கவேண்டும், கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை விடவேண்டும், நிலத்தில் தீ வைக்கலாகாது, மூட்டம் போடலாகாது, எடுத்த குழியில் புங்கோ நாவலோ வைத்து ஓராண்டு தண்ணீர் விடவேண்டும் என்ற விதிகளை ஏலக் குறிப்பில் சேர்த்தால் தொகை கட்டாயம் குறையும். அக்குறைவைக் கோயில் வரவு செலவில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்பதை அவ்வவ்வூர்ச் சபையார் வரும் கோடைக்கு முன் கூடி முடிவு செய்வார்களாக.